சிரிப்பு யோகாவும் ரத்த அழுத்த மாத்திரையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு 67 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அம்மா போன பிறகு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவர், இப்போது காலையில் பூங்காவுக்குச் சிரிப்பு யோகாவுக்குப் போகிறார். முகம் தெளிந்திருக்கிறது. ஆனால் பயிற்சியின்போது தலை சுற்றுகிறது என்கிறார். ஆறு மாதம் சிரித்தால் மாத்திரையே வேண்டாம் என்று அங்கே ஒருவர் சொன்னாராம். வலிய வரவழைக்கும் சிரிப்பில் பலன் உண்டா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதை இன்றே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். சிரிக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும், முடித்ததும் சற்று இறங்கும். மாத்திரை நாள் முழுவதும் செய்கிற வேலையை அந்தச் சிறு இறக்கம் செய்யாது.

தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் காரணம் மூச்சு. ஒவ்வொரு 'ஹா'வும் மூச்சை வெளியே தள்ளுவதுதான். நொடிக்கு ஏறக்குறைய ஐந்து முறை. சாதாரண மூச்சில் நுரையீரலுக்குள்ளேயே தங்கிவிடும் காற்றில் ஒரு பகுதியும் வெளியேறுவதால் அடுத்த மூச்சு தானாகவே ஆழமாகிறது. நன்மை இதில்தான். ஆனால் இடைவெளி விடாமல் பலமாகச் சிரித்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். சிலர் மயங்கி விழுவதுகூட உண்டு. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் தண்ணீரும் குடிக்காமல் போனால் சுற்றல் சீக்கிரம் வரும்.

ஆகவே, கிளம்புவதற்கு அரை மணி முன்பு ஒரு தம்ளர் தண்ணீர். ஒரு சிரிப்பு அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அடுத்ததற்கு முன் மூக்கால் நிதானமாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விட்டு, மூன்று நான்கு மூச்சு. மொத்தம் 20 நிமிடம் போதும். சத்தம் தொண்டையிலிருந்து வந்தால் குரல் கம்மும், இருமல் வரும். வயிறு உள்ளே போய் வருகிறதா என்று கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைகளை உயர்த்தி அண்ணாந்து சிரிப்பதை அவர் தவிர்க்கட்டும். பலமாகச் சிரிக்கும்போது கால் தசைகள் தளரும் என்பதால், நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். இவ்வளவுக்குப் பிறகும் சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ மருத்துவரிடம் போங்கள்; உட்கார்ந்தும் நின்றும் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

குடலிறக்கம், மூலம், கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா), கருப்பை இறக்கம் உள்ளவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. ஆஸ்துமாக்காரர்களுக்குச் சிரிப்பே இழுப்பைத் தூண்டலாம். சிரித்தால் சிறுநீர் கசியும் பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதற்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி இருக்கிறது.

வலிந்த சிரிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். மருத்துவர் மதன் கட்டாரியா 1995 மார்ச்சில் மும்பைப் பூங்கா ஒன்றில் ஐந்து பேருடன் இதைத் தொடங்கியபோது நகைச்சுவைத் துணுக்குகளைத்தான் சொன்னார்கள். சில நாட்களில் நல்ல துணுக்குகள் தீர்ந்து, மனம் புண்படுத்துபவை வரத் தொடங்கியதும், துணுக்கில்லாத சிரிப்புக்கு மாறினார்கள். உண்மைச் சிரிப்புக்கும் பொய்ச் சிரிப்புக்கும் உடலுக்கு வித்தியாசம் தெரியாது என்று சிரிப்பு யோகாக்காரர்கள் சொல்வார்கள். அது மிகை. இரண்டும் மூளையில் வெவ்வேறு பாதையில் பிறக்கின்றன. பக்கவாதம் வந்து, புன்னகைக்கச் சொன்னால் முகத்தின் ஒரு பக்கம் அசையாத சிலர், வேடிக்கை நடந்தால் இரு பக்கமும் சிரிப்பது இதனால்தான். ஆனால் கூட்டத்தில் கண்ணுக்குக் கண் பார்த்துச் செய்கிறபோது வலிந்தது சீக்கிரமே நிஜமாகிவிடுகிறது. தனியாகக் கண்ணாடி முன் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பாரின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியது. மூளையில் சுரந்து வலியைக் குறைக்கும் எண்டார்பின்தான் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். தனியாக இருக்கும்போதைவிடப் பிறருடன் இருக்கும்போது நாம் ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் சிரிப்பதாக அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன் கண்டறிந்தார். உங்கள் அப்பாவின் முகத்தைத் தெளியவைத்ததில் அந்தப் பூங்கா நண்பர்களுக்குப் பெரிய பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன். பயிற்சி முடிந்து அவர் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால், டிபன் ஆறுகிறது என்று போன் செய்து கூப்பிடாதீர்கள்.