கோளின் அடியாழத்து அமுக்கம்: மடிக்கணினியில் ஆய்வு செய்யலாமா?

கேள்வி: ஹட்டனில் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மூன்று பேர் நாங்கள். பூமிக்குள் பொருட்கள் எப்படி நெருங்குகின்றன என்று ஆய்வு செய்ய ஆசை. கராஜில் 20 தொன் ஜாக் கிடைக்கும், 8 ஜிபி மடிக்கணினியும் இருக்கிறது. எது உதவும்?

பதில்: ஜாக்கைத் தொடவே வேண்டாம். 20 தொன்னையும் 1 சதுர சென்ரிமீற்றரில் இறக்கினாலும் சுமார் 2 கிகாபஸ்கால்தான் வரும். பூமியின் மையத்தில் ஏறத்தாழ 360. உருக்குத் துண்டு தெறித்தால் கண் போய்விடும். ஆய்வுகூடங்களில் இரண்டு வைர முனைகளுக்கு இடையே துகளளவு மாதிரியை நசுக்குகிறார்கள். அமுக்கத்தைக் காட்டுவது கூடவே வைக்கும் மாணிக்கப் பொடி: அதன் 694 நனோமீற்றர் சிவப்பு ஒளி, அமுக்கம் ஏற ஏற நெடிய அலைநீளத்துக்கு நகரும். மாணிக்கம் விளையும் நாட்டில் இது தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

உங்களுக்கு வழி மடிக்கணினிதான். உபுண்டு இயங்குதளத்தில், அணுக்களின் சக்தியைக் குவாண்டம் விதிகளால் கணிக்கும் இலவச மென்பொருளான குவாண்டம் எஸ்பிரெசோவை நிறுவி, மக்னீசியம் ஒட்சைட்டை எடுங்கள். பளிங்கில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கலத்தில் இரண்டே அணு, காந்தச் சிக்கலும் இல்லை. இரும்பில் தொடங்கினால் முதல் மாதமே திணறுவீர்கள்.

பளிங்கின் பக்க நீளத்தை 4.3 அங்ஸ்ட்ரோமிலிருந்து 3.5 வரை 0.1 வீதம் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் மொத்தச் சக்தியைக் கணியுங்கள். கணிப்பின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் சக்தி எல்லையை 60 ரிட்பேர்க்கில் (சக்தியின் அலகு) தொடங்கி, விடை அசையாமல் நிற்கும்வரை 10 பத்தாகக் கூட்டுங்கள். பிறகு எல்லாப் புள்ளிக்கும் அதே எல்லைதான். இடையில் மாற்றினால் வளையி பல்லுப் பல்லாக உடையும். ஒன்பது புள்ளிகளையும் கனவளவையும் சக்தியையும் இணைக்கும் பேர்ச்–முர்னகன் சமன்பாட்டில் பொருத்தினால் அமுக்கம் கிடைக்கும்.

பெரும்பாலோர் சறுக்குவது மக்னீசியத்தின் போலி அழுத்தக் கோப்பில் (pseudopotential), அதாவது அணுக்கருவையும் உள் இலத்திரன்களையும் எளிமையாக்கித் தரும் கோப்பில். அதன் தலைப்பில் வலுவளவு இலத்திரன் 2 என்றிருந்தால் ஒதுக்குங்கள்; 10 உள்ளதை எடுங்கள். இவ்வளவு நெருக்கத்தில் உள்ளோட்டு இலத்திரன்களும் ஒன்றையொன்று இடிக்கும், அவற்றை உறைய வைத்தால் விடை பிழைக்கும். அடுத்தது அலகு: மென்பொருள் அமுக்கத்தைக் கிலோபாரில் தரும், 10 கிலோபார்தான் 1 கிகாபஸ்கால்.

சரிபார்க்க இரண்டு எண்கள். அமுக்கமற்ற நிலையில் அளந்த நீளம் 4.21, இலத்திரன்களின் இடைத்தாக்கத்தை அண்ணளவாகக் கணிக்கும் பிபிஇ (PBE) முறையில் 4.25 அளவில் வரும், அது உங்கள் தவறல்ல. மூடகமும் அகணியும் சந்திக்கும் இடத்து 136 கிகாபஸ்காலில் நீளம் 3.7க்கு அருகே நிற்க வேண்டும். அங்கே வெப்பநிலை சுமார் 4000 கெல்வின், உங்கள் கணிப்போ 0 கெல்வினுக்கானது. இந்த வேறுபாட்டை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.