வாசகர் கேள்வி பதில்: மூடிக் கிடக்கும் பனிச்சறுக்கு மலை

பிரான்ஸில் கிரெனோபிளில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஜூன் மாதம் போகிறோம். பக்கத்து மலையில் மூடிக் கிடக்கும் பனிச்சறுக்குத் தளத்தைப் பார்க்கலாம் என்கிறான் அக்கா மகன். போகலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை

தாராளமாகப் போகலாம். ஜூன் நல்ல மாதம். பனி உருகி, எது தரை, எது குழி என்று கண்ணுக்குத் தெரியும். இரவு ஒன்பது மணி வரை வெளிச்சமும் இருக்கும். செப்டம்பரும் நல்லதுதான். ஆனால் வேட்டைக்காலம் தொடங்கிவிடுவதால் ஆரஞ்சு நிற மேலங்கி போடாமல் காட்டுப் பக்கம் போகக்கூடாது.

பிரெஞ்சு மலைகளில் இப்படி மூடியவை நூறுக்கும் மேல். பெரும்பாலும் சிறிய, உயரம் குறைந்த தளங்கள். பனி விழுந்தாலும் பொய்த்தாலும், சறுக்க வருபவர்களை ரோப்பில் மேலே கொண்டுபோகும் லிஃப்டுகளின் ஆய்வு, பழுதுபார்ப்பு, சம்பளம் எல்லாம் கொடுத்தே ஆகவேண்டும். நாலைந்து குளிர்காலம் பொய்த்தால் ஊர் நிர்வாகம் கடனில் மூழ்கிவிடும். காப் நகருக்கு அருகே உள்ள சேயூஸ் 1930களில் தொடங்கி 2018-ல் நின்றுபோனது; 2025 நவம்பரில்தான் அங்கே லிஃப்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். நிரந்தரமாக நிறுத்திய லிஃப்டை 3 ஆண்டுகளுக்குள் கழற்ற வேண்டும் என்று 2016-ல் சட்டம் வந்தது. அதற்கு முன்பு அனுமதி வாங்கிய லிஃப்டுகளை அது கட்டுப்படுத்தாது. பழைய கம்பங்கள் இன்னும் நிற்பது அதனால்தான்.

கிளம்புவதற்கு முன் அந்த ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பாதை பொது, எந்தக் கட்டிடம் தனியார் என்று அவர்களுக்குத் தெரியும். தனியார் இடம் என்று பலகை வைத்த காட்டு நிலத்தில் நுழைந்தால் 2023 முதல் அபராதம் உண்டு. இன்னொன்று, ஜூனில் ஆட்டு மந்தைகள் மேலே மேய வந்துவிடும். காவலுக்குப் பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும். ஓடாதீர்கள், தடியை ஆட்டாதீர்கள். நின்று, மெதுவாகப் பேசி, மந்தையைச் சுற்றி விலகிப் போங்கள்.

பழனி ரோப் காரையே வருஷா வருஷம் நிறுத்திப் பராமரிக்கிறார்கள். பல வருஷமாக ஆள் தொடாத ரோப்புக்குக் கீழே நடக்கலாமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஆறு எஃகுப் புரிகளை ஒரு நார்த்திரியைச் சுற்றி முறுக்கியதுதான் ரோப். அந்தத் திரி எண்ணெயைத் தேக்கிவைத்து உள்ளிருந்து கசியவிடும். பராமரிப்பு நின்றதும் திரி காய்கிறது, தண்ணீர் இறங்குகிறது, உள்ளே துரு ஏறுகிறது. வெளியே பார்த்தால் கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். அறுந்த இழைகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும்; கையால் தடவிப் பார்க்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் இழுவிசை. பழைய லிஃப்டுகளில் ஒரு முனையிலுள்ள பெரிய சக்கரம் முன்னும் பின்னும் நகரும்படி இருக்கும். அதை இழுத்துப் பிடிக்கப் பல டன் கான்கிரீட் கட்டை ஒன்று குழியிலோ சட்டத்திலோ தொங்கும். கரண்ட் நின்று எத்தனை வருஷம் ஆனாலும் அந்த எடை குறையாது. ரோப் இன்னும் கம்ப உருளைகளின் மேல் அந்தரத்தில் நிற்கிறது என்றால் அது விறைப்பில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டை தொங்கும் இடத்துக்குக் கிட்டேயே போகக்கூடாது. உருளையிலிருந்து நழுவித் தரையில் கிடக்கும் ரோப்பையும் நம்பாதீர்கள். எங்கோ சிக்கியிருந்தது விடுபட்டால் சட்டென்று எழும்பும். கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு போட்டோ எடுப்பது வேண்டவே வேண்டாம். கழற்ற வருகிற ஆட்களே முதலில் இழுவிசையை இறக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார்கள்.

பிள்ளைகள் ஏமாறுவது தட்டு லிஃப்டில். நீளக் குழாய், அதன் முனையில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்ள ஒரு வட்டத் தட்டு. 1930களில் ஆல்ப் தூயஸ் மலையில் பொமகால்ஸ்கி என்பவர் அமைத்த வகை. குழாய்க்குள் ஸ்பிரிங் இருக்கிறது. இழுத்துவிட்டால் தட்டு திரும்பி வந்து முகத்தில் அறையும். நாற்காலிகளிலும் உட்காராதீர்கள். ஓடும் காலத்தில் ஒரே இடம் தேயாமல் இருக்க நாற்காலியின் பிடியை அவ்வப்போது ரோப்பில் நகர்த்திப் பூட்டுவார்கள். கைவிட்ட லிஃப்டில் அது ஒரே இடத்தைக் கவ்வியபடி வருஷக்கணக்கில் கிடக்கிறது. மேல் நிலையத்தில் செல்போன் ஆன்டெனா இருந்தால் மின்சாரமும் இருக்கிறது என்று பொருள்.

கட்டிடத்துக்குள் போய்ப் பார்க்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பாருங்கள், போதும். கூரையில் பனி ஏறி ஏறி மரத்தளம் உளுத்திருக்கும். பிரான்ஸ் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது 1997-ல். அதற்கு முந்தைய கட்டிடங்களில் அது இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வளர்ந்தவர்கள்தானே நாம் என்று எண்ண வேண்டாம். உடைந்து பொடியாகும்போதுதான் அது நுரையீரலுக்குள் போகிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

கட்டிடத்தைவிட மோசமானது செயற்கைப் பனிக்குத் தண்ணீர் தேக்கும் குளம். நம் பக்கத்து இறால் பண்ணைக் குட்டை போலவே கரையெல்லாம் கருப்புத் தார்ப்பாய் விரித்திருக்கும், ஆனால் ஆழம் பல மடங்கு. நனைந்த பாயில் கால் நிற்காது. விழுந்தவர் நீச்சல் தெரிந்தாலும் கரையேற முடியாது, தண்ணீரும் உறைய வைக்கும் குளிர். வேலிக்கு வெளியே நில்லுங்கள். குழாய்த் தொட்டிகளின் மூடி விலகியிருக்கும் இடங்களையும் கவனியுங்கள்.

டிசம்பரில் பனியோடு பார்த்தால் இன்னும் அழகாக இருக்குமே?
– வாசகி, முத்தியால்பேட்டை

அழகுதான். ஆனால் இயங்கும் தளத்தில் பனிச்சரிவு அபாயத்தைத் தினமும் பார்க்க ஆள் உண்டு. தேவைப்பட்டால் வெடிவைத்துப் பனியை முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள். மூடிய தளத்தில் யாரும் இல்லை. 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவின் மேலும் சரி, அதன் அடியிலும் சரி, நடக்கக்கூடாது. வானிலைத் துறை தரும் பனிச்சரிவு அறிக்கையில் அபாய அளவு 1 முதல் 5 வரை. 3 என்றாலே அனுபவமில்லாதவர்கள் வீட்டில் இருப்பது நல்லது. போகும் ஒவ்வொருவரிடமும், பனியில் புதைந்தவரைத் தேட சிக்னல் கருவி, குத்திப் பார்க்க நீளக் கம்பி, தோண்ட மண்வாரி மூன்றும் வேண்டும். தேடும்போது செல்போனை அந்தக் கருவியிலிருந்து 50 செ.மீ. தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் சிக்னல் குழம்பும். அவசர எண் 112.

நம் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா? வேறு எங்கே பாதுகாப்பாகப் பார்க்கலாம்?
– வாசகர், நெல்லித்தோப்பு

உத்தராகண்டின் ஔலியைச் சிலர் கைவிட்ட தளம் என்று சொல்வது தவறு. ஜோஷிமடத்தில் நிலம் உள்வாங்கியதால் அங்கிருந்து மேலே போகும் ரோப்வேதான் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

வெளிநாட்டில் போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ பார்க்கத் தகுந்தது. 1984 குளிர்கால ஒலிம்பிக்குக்காக திரெபெவிச் மலையில் கட்டிய பாப்ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டிப் பந்தய) தடம், 1992-95 போருக்குப் பிறகு அப்படியே கிடக்கிறது. 2018-ல் மீண்டும் திறந்த கேபிள் காரில் ஏறிப்போய், கான்கிரீட் தடத்தின் மீதே நடந்து இறங்கலாம். போர்க்காலக் கண்ணிவெடி பயம் இன்னும் இருப்பதால் தடத்தையும் மிதிபட்ட பாதையையும் விட்டுக் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.