ஐந்து வருட ஒப்பந்தம், அதில் உறுதி எவ்வளவு?

டெக்சாஸின் இர்விங்கில் குடியேறி எட்டு மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேசையில் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்கிற அமெரிக்க ஃபுட்பால் அணி தவிர வேறு பேச்சே இல்லை. ஆட்டத்தைப் பற்றிப் பேசினால்கூடச் சமாளித்துவிடுவேன். இவர்கள் பேசுவதெல்லாம் காண்ட்ராக்ட், கேப், டெட் மணி. 240 மில்லியனுக்கு மேல் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒருவரை டென்வர்காரர்கள் இரண்டே வருடத்தில் அனுப்பிவிட்டார்களாம். கையெழுத்துப் போட்ட பிறகு அதெப்படி முடியும்? நம் ஊர் அணி தன் நட்சத்திர ஆட்டக்காரர் பார்சன்ஸை ஏன் விட்டது? இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கட்டாயம் இல்லை. நான் 2006-ல் வந்தேன். முதல் இரண்டு வருடம் தயிர்சாத டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தேன், ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. ஆனால் நான் கணக்குப் பிரிவு. இவர்கள் பேசுவது பந்தைப் பற்றி அல்ல, தேய்மானக் கணக்கைப் பற்றி என்று ஒருநாள் உறைத்தது. அன்றிலிருந்து அந்த மேசையில் என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். யார் எத்தனை கெஜம் ஓடினார் என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. யாரை எப்போது அனுப்பினால் எவ்வளவு நஷ்டம் என்று சொல்லிவிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இங்கே கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் பெரும்பாலும் ஒப்பந்தம் போட்டால் போட்டதுதான். ஆளுக்குக் காலொடிந்தாலும் ஃபார்ம் போனாலும் பணம் போய்ச் சேரும். அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல் அப்படி இல்லை. 'இவ்வளவு வரை உறுதி' என்று தனியாக எழுதிக் கொடுத்த தொகைக்குத்தான் உறுதி. மற்றதெல்லாம் 'நீ அணியில் இருந்தால் தருவோம்' கணக்கு. அணி நினைத்தால் அனுப்பிவிடலாம், ஆட்டக்காரர் நினைத்தால் கிளம்ப முடியாது. ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு. பத்திரிகையில் வருவது மொத்தத் தொகை. ஏஜென்ட்டுக்கு அது பெருமை, ரசிகனுக்கு அது வாய்ப்பந்தல். கன்சாஸ் சிட்டியின் மஹோம்ஸுக்கு 2020-ல் பத்து வருடம், 450 மில்லியன் என்று எழுதியபோது எங்கள் மேசையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதில் கையெழுத்தன்றே உறுதியானது எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது, கேப். ஒவ்வோர் அணியும் ஒரு வருடத்தில் ஆட்டக்காரர்களுக்காகக் கணக்கில் காட்டக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 1994-ல் வந்த ஏற்பாடு. 2025-ல் அது 279.2 மில்லியன் டாலர். கணக்கில் காட்டுகிற தொகை என்றேன், கையில் கொடுக்கிற தொகை என்று சொல்லவில்லை. சூட்சுமம் முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கையெழுத்து போனஸாக ஒருவருக்கு 25 மில்லியனை இன்றே கொடுத்துவிடலாம். கணக்கில் வருடத்துக்கு ஐந்து மில்லியனாக ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதலாம். இந்த வருடம் இடம் மிச்சம், இன்னொருவரை வாங்கலாம். நாம் மாடுலர் கிச்சனைத் தவணையில் போடுவது மாதிரி.

இரண்டு வருடம் கழித்து அவரை அனுப்பினால் என்ன ஆகும்? மீதி 15 மில்லியன் எங்கும் ஓடிவிடாது. மொத்தமாக வந்து அந்த வருடக் கணக்கில் உட்காரும். ஜூன் 1-க்குப் பிறகு அனுப்பியதாகக் காட்டினால் இந்த வருடம் ஐந்து, அடுத்த வருடம் பத்து என்று பிரிக்கலாம், அவ்வளவுதான் சலுகை. டெட் மணி என்பது இதுதான். விற்றுவிட்ட காருக்குக் கட்டுகிற தவணை.

இப்போது டென்வர். நீங்கள் கேள்விப்பட்டது ரஸ்ஸல் வில்சன் கதை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் அவர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாத் தப்பும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

2022 மார்ச்சில் அவரை சியாட்டிலிடமிருந்து வாங்கினார்கள். புது ஆட்டக்காரர்களை எடுக்கும் வருடாந்தரத் தேர்வில் முதல் சுற்று வாய்ப்பு இரண்டு, இரண்டாம் சுற்று வாய்ப்பு இரண்டு, கூடவே ஆட்களும் கொடுத்து. பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. அவர் டென்வருக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையில், அந்த செப்டம்பரில் மேலும் ஐந்து வருட நீட்டிப்பு, 242 மில்லியனுக்கு மேல். நீட்டிப்பு தொடங்க வேண்டியது 2024-ல். 2024 மார்ச்சில் அவரை அனுப்பிவிட்டார்கள். அதாவது அந்த ஐந்து வருடத்தில் முதல் சீசன்கூடத் தொடங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே ஜீவனாம்சம் எழுதிய கதை.

நடுவில் நடந்ததைக் கவனியுங்கள். அவருடைய 2025 சம்பளம் 37 மில்லியன். 2024 மார்ச்சில் குறிப்பிட்ட நாள் தாண்டியும் அணியில் இருந்தால் அது உறுதியாகிவிடும். அதற்கு முன்பே காயம்பட்டு உடற்தகுதி இழந்தாலும் கொடுத்தாக வேண்டும். 2023 சீசன் பாதியில், அந்தத் தேதியைத் தள்ளிவைக்க ஒப்புக்கொள்ளாவிட்டால் உட்காரவைப்போம் என்று அணி தன்னிடம் சொன்னதாக வில்சனே பிறகு வெளிப்படையாகச் சொன்னார். கடைசி இரண்டு ஆட்டங்களில் உட்காரவைத்தார்கள். உடம்பு நன்றாக இருக்கிற ஆளை, அடிபட்டுவிடுவானோ என்ற பயத்தில்! இன்ஷூரன்ஸ் போடுவதற்குள் காரை வெளியே எடுக்காதே என்கிற மாதிரி.

பிறகு கணக்கு வந்தது. டெட் மணி மொத்தம் 85 மில்லியன். 2024-ல் சுமார் 53, 2025-ல் சுமார் 32. 2024-ன் உச்சவரம்பு 255.4 மில்லியன், அதில் ஐந்தில் ஒரு பங்கு ஊரிலேயே இல்லாத ஒருவருக்குப் போயிற்று. அந்த வருடம் வில்சன் பிட்ஸ்பர்க்கில் ஆடினார். பிட்ஸ்பர்க் கொடுத்தது அனுபவஸ்தருக்கான குறைந்தபட்ச ஊதியம், 1.21 மில்லியன். மீதி 37 மில்லியன் சொச்சம் டென்வர் தலையில்.

இவ்வளவும் ஆன பிறகு டென்வர் மண்ணைக் கவ்வியிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. அந்த வருடம்தான் 2015-க்குப் பிறகு முதல்முறையாக பிளே-ஆஃப் போனார்கள். காரணம், புதுப்பையன் போ நிக்ஸ். முதல் சுற்றில் எடுத்த குவாட்டர்பேக். நான்கு வருடத்துக்கும் சேர்த்தே 20 மில்லியனுக்குக் கீழே. புதிதாக வருகிறவர்களின் சம்பளத்தை 2011-ல் அட்டவணை போட்டு அடக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபர்டுக்கு 50 மில்லியன் உறுதி, அடுத்த வருடம் அதே இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு மொத்தமே 22. இன்றைக்கு இந்த லீகில் மிக மலிவான சொத்து என்றால், நன்றாக ஆடத் தெரிந்த இளம் குவாட்டர்பேக்தான்.

முழுத் தொகைக்கும் உறுதி கொடுத்தால் நியாயம்தானே என்பீர்கள். கொடுத்துப் பார்த்தார்கள். கிளீவ்லாந்து, 2022, டெஷான் வாட்சன்: ஐந்து வருடம், 230 மில்லியன், ஒவ்வொரு டாலருக்கும் உறுதி. அப்போது இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் என்று சிவில் வழக்குத் தொடுத்திருந்தார்கள். குற்ற வழக்கு பதிவாகவில்லை, பெரும்பாலானவை சமரசமாக முடிந்தன, லீக் 11 ஆட்டம் தடை விதித்தது. அந்த நேரத்தில் அந்தத் தொகையா என்று எனக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அதைத் தள்ளிவைத்துக் கணக்காகப் பார்த்தாலும், முதல் மூன்று சீசனில் அவர் ஆடியது 19 ஆட்டம். 2024 அக்டோபரில் குதிகால் தசைநார் அறுந்தது, சில மாதத்தில் மீண்டும் அறுந்தது. மற்ற அணி முதலாளிகள் அதைக் காட்டியே இன்றுவரை முழு உறுதிக்குக் கையை விரிக்கிறார்கள். கஷ்டம் என்னவென்றால் உடம்பை யாரும் கணிக்க முடியாது. 2023-ல் ஆரன் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்காகக் களமிறங்கினார். நாலாவது முறை பந்து கைக்கு வந்தபோதே குதிகால் போயிற்று. சீசன் முடிந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பணக்காரர்கள் கதை. இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். 2019 ஆகஸ்டில் எங்கள் பிளேனோ வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து, தரைப்பலகை எல்லாம் ஊதிப்போய், ஃபிரிஸ்கோவில் சமையலறையோடு கூடிய ஒரு விடுதியில் பத்து நாள் கிடந்தோம். கவ்பாய்ஸின் பயிற்சி மையம் இருக்கிற ஊர் அது. மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை வண்டி நிறுத்தத்தில் ஒரு பையன், கதவு அகலத்துக்குத் தோள், ஒரு சின்ன வாடகைக் காருக்குள் பீன் பேக் ஒன்றை முழங்காலால் திணித்துக்கொண்டிருந்தான். அது உள்ளே போகவில்லை. என் வீட்டுக்காரர் போய் இந்தப் பக்கத்திலிருந்து இழுத்தார். "வெட்டிட்டாங்க சார், காலையில கூப்பிட்டாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னான், பஸ் போய்விட்டது என்கிற குரலில். எந்த அணி என்று நாங்கள் கேட்கவில்லை. கிளம்பும்போது பிரிக்காத இரண்டு கேட்டரேட் அட்டைப்பெட்டியை என் மகனிடம் கொடுத்துவிட்டுப் போனான். என் மகன் அதைத் தீபாவளி வரை குடித்தான்.

அந்த நாளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. கோடை முகாமில் அணிக்கு 90 பேர். சீசன் தொடங்கும் முன் 53 ஆக வேண்டும். 32 அணி, அணிக்கு 37 பேர். கிட்டத்தட்ட 1,200 பேர், பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று நாளில். கொஞ்சம் பேரைப் பயிற்சிக்குழுவுக்குக் குறைந்த வாரச் சம்பளத்தில் திரும்பக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் ஊருக்கு. அந்தப் பையனின் தாளிலும் மூன்று வருடம் என்று எழுதியிருந்திருக்கும். அந்த வருடம் புதியவருக்குக் குறைந்தபட்சம் 4,95,000 டாலர். ஆனால் அந்தச் சம்பளம் சீசன் தொடங்கிய பிறகுதான் வர ஆரம்பிக்கும். முகாமில் கிடைப்பது கைச்செலவுப் படி.

பார்சன்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இங்கே அதைப் பேசினால் பொழுது விடிந்துவிடும். கவ்பாய்ஸ் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு 2024-ல் வருடத்துக்கு 60 மில்லியன் என்று எழுதினார்கள், அவர் எறிவதைப் பிடிக்கிற லாம்புக்கு 34. 2025 ஆகஸ்டில் பார்சன்ஸை வாங்கிக்கொண்ட கிரீன் பே அணி அவருக்குக் கொடுத்தது நான்கு வருடத்துக்கு 188, அதாவது வருடத்துக்கு 47. மூன்றையும் கூட்டினால் 141. சராசரியாகப் பார்த்தால் உச்சவரம்பில் பாதி, மூன்று பேருக்கு. மீதி ஐம்பது பேரை என்ன செய்வது? ஆகவே விட்டது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சீசனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது விட்டதுதான் தப்பு. உச்சவரம்பு ஏற ஏற, தள்ளிப்போடுகிறவனுக்கு விலையும் ஏறிக்கொண்டே போகும். டாக்குக்கும் அப்படித்தான் இழுத்தடித்தார்கள். அவருக்கு 2020-ல் கணுக்கால் முறிந்தும் அடுத்த மார்ச்சில் 160 மில்லியன் கொடுக்க வேண்டி வந்தது. இதை உங்கள் மேசையில் சொன்னால் பாதிப்பேர் சண்டைக்கு வருவார்கள். அதுவும் நல்லதுதான், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

அப்புறம் உங்கள் சொந்த விஷயம். தனியாக எழுதியிருந்தீர்களே, வேறு கம்பெனி கூப்பிடுகிறது, சேரும் போனஸ் 15,000 டாலர் என்று. அந்தக் கடிதத்தையும் இதே கண்ணோடு படியுங்கள். அந்தப் போனஸை ஒரு வருடத்துக்குள் நீங்களாக விலகினால் திருப்பித் தர வேண்டுமா, அவர்களே அனுப்பினாலும் தர வேண்டுமா என்று பாருங்கள். இந்த வழக்கமும் இங்கே பழசு. டெட்ராய்ட் அணியின் பேரி சாண்டர்ஸ் 1999-ல் திடீரென்று ஓய்வு பெற்றபோது கையெழுத்து போனஸில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. டெக்சாஸில் எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் காரணம் சொல்லாமலே அனுப்பலாம். ஹெச்-1பி விசா என்றால் அதன் பிறகு இங்கே இருக்க அதிகபட்சம் 60 நாள். 2009 பிப்ரவரியில் என்னை ஒரு கம்பெனி அனுப்பியபோது அந்த 60 நாள்கூடக் கிடையாது, அது 2017-ல்தான் வந்தது. 'இலக்கு போனஸ்' என்று கடிதத்தில் இருந்ததை நிச்சயம் வரும் என்று நம்பி நான் தவணையில் சோபா வாங்கியிருந்தேன். கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள்! அந்த சோபா இன்னும் ஹாலில்தான் இருக்கிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒருநாள் வீட்டுக்கு வாங்க, சேர்ந்து படிப்போம். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் அன்று வருவதானாலும் சரி, அன்றைக்கு மத்தியானம் கவ்பாய்ஸ் ஆட்டம் எப்போதும் இருக்கும். வான்கோழி எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது, சீரகச்சம்பா பிரியாணிதான். என் வீட்டுக்காரரிடம் மட்டும் பார்சன்ஸ் பேச்சை எடுக்காதீர்கள்.