பெரிய ஆன்டெனா மாட்டியதும் பக்கத்து வீடு ஏன் துண்டானது?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் டியூஷன் சென்டர் நடத்துகிறோம். ஐந்து மொட்டைமாடிகளில் ரூட்டர் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு சிக்னல் தாவும்படி மெஷ் அமைத்தோம். எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் சொன்னாரென்று எங்கள் மாடியில் பழையதைக் கழற்றிவிட்டு 15 டிபிஐ (ஆன்டெனா சிக்னலை எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு) குச்சி ஆன்டெனா மாட்டினோம். அதிலிருந்து, 30 மீட்டரில் உள்ள தாழ்வான வீடு கிடைப்பதே இல்லை. இப்போது கடைக்காரர் 24 டிபிஐ கிரிட் (ஒரே பக்கம் அனுப்பும் கம்பிவலை ஆன்டெனா) வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆன்டெனா புதிதாக சக்தி எதையும் உண்டாக்காது. ரூட்டர் கொடுப்பதைத்தான் திரட்டி அனுப்பும். குச்சி ஆன்டெனா சுற்றிலும் அனுப்பினாலும், டிபிஐ ஏற ஏற அந்த வீச்சு தோசைபோலத் தட்டையாகும். 15 டிபிஐ என்றால் மேலும் கீழும் சேர்த்து சுமார் 8 டிகிரிதான். அந்த வீடு உங்களைவிட இரண்டு மாடி, அதாவது 6 மீட்டர் தாழ்வு என்றால் 11 டிகிரி சரிவு வருகிறது. சிக்னல் அதன் தலைக்கு மேல் போய்விடும். ஐந்து வீட்டிலும் 5 டிபிஐ போதும், எல்லாம் செங்குத்தாக நிற்க வேண்டும்.

கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டிக்கரில் போட்ட டிபிஐ-யை நம்பாதீர்கள், எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று காட்டும் அளவீட்டு வரைபடம் கேளுங்கள். ரூட்டரையும் ஆன்டெனாவையும் இணைக்க என்று கூடவே தள்ளிவிடும் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் ஓடினால் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு வழியிலேயே போய்விடும். ரூட்டரை ஆன்டெனாவுக்குக் கீழேயே, மழைபடாத பெட்டியில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில், ஆன்டெனா குவிப்பதையும் சேர்த்து, லைசன்ஸ் இல்லாமல் 4 வாட் வரைதான் அனுமதி. 100 மில்லிவாட் ரூட்டரில் அந்த கிரிட்டை மாட்டினால், அது பார்க்கும் திசையில் 25 வாட்டுக்குச் சமம். இதை விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை, சிக்கினால் மாட்டியவர்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு வைஃபை அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸை வெளியிடத்தில் லைசன்ஸ் இல்லாமல் தாராளமாகத் திறந்துவிடவே அரசுக்கு 2018 ஆயிற்று. விதி போட்டவர்கள் கடைப்பக்கம் எப்போது வரப்போகிறார்களோ!

கிரிட் போல ஒரே பக்கம் பார்க்கும் திசை ஆன்டெனா ஒரே ஒரு இடத்தில் சரி: ரயில் பாதைக்கு அந்தப்புறம் தனியாக ஒரு வீடு இருந்தால். அப்போதும் மெஷ் ரூட்டரில் அதை மாட்டாதீர்கள். ஒரு பக்கம் பார்க்கிற ரூட்டருக்கு மற்ற பக்கத்து வீடுகள் காதில் விழாது. அவை பேசும்போதே இதுவும் பேசி, இரண்டும் மோதிக் கெடும். 5 கிகாஹெர்ட்ஸில் தனி ரேடியோ இரண்டு வாங்கி, நேருக்கு நேர் திருப்பி, மெஷ் ரூட்டரோடு லேன் கேபிளில் இணையுங்கள். நடுவே மரக்கிளை இருந்தால் கம்பத்தை உயர்த்துங்கள். இலை நனைந்தால் லிங்க் தளரும்.

முதலில் பழைய குச்சியைத் திரும்ப மாட்டி, அந்தத் தாழ்வான வீட்டு ரூட்டருக்குப் பிங் போட்டுப் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) பாருங்கள். அது வந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.