'காஃப் அப்' என்று எழுதலாமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பாக்கி வைத்திருந்த வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 'ப்ளீஸ் காஃப் அப் தி பேலன்ஸ்' என்று மின்னஞ்சல் அனுப்பியதற்கு மேலாளர் கடிந்துகொண்டார். அகராதியில் 'பணம் கொடு' என்றுதானே பொருள் இருக்கிறது? இத்தகைய ஆங்கிலச் சொற்களை எப்படிப் பிரித்தறிவது?

பதில்: அகராதி தந்த பொருள் சரிதான்; கொடுப்பவரின் மனநிலையைத்தான் அது உங்களுக்குச் சொல்லவில்லை. மனமே இல்லாமல், பலமுறை வற்புறுத்திய பிறகு பணத்தை எடுத்து வைப்பதே 'காஃப் அப்'. நம் பேச்சில் 'பணத்தைக் கக்கு' என்பதற்கு நிகரான அதை ஒரு வாடிக்கையாளருக்கு எழுதினால், ஏமாற்றப் பார்க்கிறார் என்று அவர்மீது குற்றம் சாட்டுவதாகவே படும். 'பே அப்' அவ்வளவு கடுமையானதன்று என்றாலும் அதிலும் ஓர் அதட்டல் உண்டு. நிலுவையைக் கேட்க 'ப்ளீஸ் செட்டில் தி பேலன்ஸ்' என்பதே போதும். மரியாதையும் குறையாது, கேட்க வேண்டியதும் விடுபடாது.

உங்கள் சொந்தச் செலவைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போது இச்சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வண்டி திடீரெனப் பழுதாகி, மெக்கானிக்குக்கு 4,000 ரூபாய் அழுதேன் என்று சொல்வோமே, அந்த இடத்துக்கு உரியவை 'ஷெல் அவுட்', 'ஃபோர்க் அவுட்' இரண்டும். ஆசைப்பட்டு, விலை பார்க்காமல் ஒரு பட்டுப்புடவை எடுப்பது 'ஸ்பிளாஷ் அவுட்'. இதில் வருத்தமே இல்லை. பணி ஓய்வு பெறுபவருக்குப் பரிசு வாங்க ஆளுக்குக் கொஞ்சம் போடுவது 'சிப் இன்'. 'செட் பேக்' மட்டும் வாக்கியத்தையே திருப்பிப் போடும்: செலவு வைத்த பொருள் எழுவாயாகும், பணம் கொடுத்தவர் செயப்படுபொருளாவார். 'தி ரிப்பேர் செட் மீ பேக் 4,000 ருபீஸ்' என்பார்கள்.

ஆனால் கணக்குப் பிரிவில் இருக்கும் நீங்கள் எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டிய இணை 'பே பேக்', 'பே ஆஃப்' என்பது என் எண்ணம். வாங்கியதைத் திருப்பித் தருவது 'பே பேக்'. ஒரு பகுதியை மட்டும் தந்திருந்தாலும், அந்தத் தொகையைக் குறிப்பிட்டு அப்படிச் சொல்லலாம். 'பே ஆஃப்' என்றால் பாக்கியே இல்லாமல் தீர்த்தாயிற்று என்று பொருள். ஆகவே 5 லட்சம் ரூபாய்க் கடனில் 2 லட்சம் மட்டும் கட்டிவிட்டு 'வி ஹேவ் பெய்ட் ஆஃப் தி லோன்' என்று எழுதினால், படிப்பவர் கடன் முடிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார். கடனுக்குப் பதிலாக ஓர் ஆளைச் சேர்த்து 'வி பெய்ட் ஆஃப் தி இன்ஸ்பெக்டர்' என்று எழுதிவிட்டாலோ, அவருக்குச் சேர வேண்டிய கட்டணத்தைச் செலுத்தினோம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்; லஞ்சம் கொடுத்து அவர் வாயை அடைத்தோம் என்று அவர்கள் படிப்பார்கள்.

சொல் வரிசையிலும் ஒரு விதி இருக்கிறது. 'பே ஆஃப் தி லோன்', 'பே தி லோன் ஆஃப்' இரண்டும் சரி. கடனை 'இட்' என்று சுட்டும்போது மட்டும் அது நடுவில்தான் வர வேண்டும்: 'பே இட் ஆஃப்' என்று எழுதுங்கள், 'பே ஆஃப் இட்' என்று எழுதாதீர்கள்.