பாலிமர் துகளை நம்பி மகளை அனுப்பலாமா?

வேதியியலில் முதுகலை முடித்த மகள், கரைசலில் தாமாகவே கூடி உருவாகும் பாலிமர் நானோ துகள்களில் முனைவர் பட்டம் செய்யப்போகிறேன் என்கிறாள், இதற்கு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை விளம்பரங்களில் இந்தத் தலைப்பைத் தேடினால் அநேகமாக ஒன்றும் அகப்படாது. அதை வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள், அம்மா.

அவள் செய்யப்போவது இதுதான். பிளாக் கோபாலிமர் என்ற நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் ஒரு பகுதி தண்ணீரோடு ஒட்டும், இன்னொரு பகுதி ஒட்டாது. அதை அசிட்டோன் மாதிரி ஒரு கரைப்பானில் கரைத்து, சுழன்றுகொண்டிருக்கும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒட்டாத பகுதிகள் உள்ளே ஒடுங்கும், ஒட்டுபவை வெளியே நிற்கும். சில பத்து நானோமீட்டர் அளவில் மைசெல் என்ற உருண்டைகள் பிறந்துவிடும். நன்றாக வந்தால் தண்ணீரில் லேசான நீலச் சாயல். சொதப்பினால் வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கும்.

தண்ணீரில் கரையாத மருந்தை அந்த உருண்டைக்குள் ஏற்றலாம் என்பதால் மருந்து நிறுவனங்களுக்கு இதில் அக்கறை. 2020-ல் வந்த எம்ஆர்என்ஏ கொரோனா தடுப்பூசிகளில் இருப்பது பாலிமர் இல்லை, கொழுப்புத் துகள். ஆனால் எத்தனாலில் கரைத்ததை நீர்க்கரைசலோடு சட்டென்று கலந்து துகளாக்கும் வித்தை ஏறக்குறைய இதேதான். ஆக, மருந்து ஃபார்முலேஷன், அதாவது மருந்தை உடலுக்குக் கொடுக்கும் வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலைப் பக்கம் அவளுக்கு வழி இருக்கிறது. பெயின்ட், பசை, அழகுசாதனப் பக்கமும் போகலாம்.

இன்னொன்று. சொட்டுவிடும் முறையில் கிடைப்பது மிக நீர்த்த கரைசல், பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட பாலிமர் இருக்காது. ஆலைக்கு அது கட்டுப்படியாகாது. பாலிமர் சங்கிலியைக் கட்டுப்பாட்டோடு வளர்க்க 1998-ல் அறிமுகமான ராஃப்ட் முறையின் தயவில், சங்கிலி வளரும்போதே துகளாகிவிடும் பிசா முறை பரவியது. அதில் நூற்றுக்குப் பத்து முதல் ஐம்பது வரைகூடப் போகலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் நான் பிசாவைத்தான் சொல்வேன்.

ஆனால் தலைப்பை விட ஆய்வகம் முக்கியம். சிதறும் ஒளியை வைத்துத் துகளின் அளவைச் சொல்லும் டிஎல்எஸ் கருவியை அவளே இயக்குவாளா, அல்லது மாதிரியைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பாளா? இதைக் கேட்டே ஆக வேண்டும். துகளைவிடப் பத்து மடங்கு பெரிய ஒரு தூசி, ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடித்து அளவீட்டையே கெடுத்துவிடும். வடிகட்டாமல் அளந்து ஏமாந்து, பிறகு தானே பிழையைக் கண்டுபிடித்தவர்தான் நேர்காணலில் தடுமாறாமல் பேசுவார். கருவியைத் தொடாமல் பட்டம் வாங்கிய பையன் ஒருவன் வரைபடத்தை விளக்கத் தெரியாமல் விழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, முன்னால் படித்தவர்கள் இப்போது எங்கே என்பதையும் விசாரியுங்கள். அப்புறம், சேருவதற்கு முன் அங்குள்ள மூத்த மாணவர் ஒருவரிடம் அவள் அரை மணி நேரம் பேசட்டும், வழிகாட்டி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.