செல்டாவில் வேகமாக ஓடும் பூட்ஸ் எங்கே கிடைக்கும்?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: செல்டா வரிசையில் வந்த 'எ லிங்க் டு தி பாஸ்ட்' வீடியோ கேமில் பெகாசஸ் பூட்ஸ் எங்கே கிடைக்கும், எப்படிப் பயன்படுத்துவது?

கடையில் தேடாதீங்க தம்பி. கிழக்கு அரண்மனையை முடித்து, பச்சைப் பதக்கத்தோடு பெரியவர் சஹஸ்ராலாவிடம் பேசினால் அவரே கொடுப்பார்.

ஏ பட்டனை அழுத்திப் பிடியுங்கள். கொஞ்சம் தாமதித்து நம்ம நாயகன் லிங்க் நேராகப் பாய்வான். திசை மாற்றினால் நின்றுவிடுவான். நம்ம மதுரை மாசி வீதிகளைச் சுற்றுவது மாதிரிதான், மூலைக்கு மூலை நின்று திரும்ப வேண்டும். வாளை முன்னே நீட்டிக்கொண்டு ஓடுவதால் எதிரிகளுக்கும் அடி விழும்.

என்னைக் கேட்டால் வேகத்தைவிட மோதல்தான் இதில் விசேஷம். மரத்தில் மோதினால் சில சமயம் பொருள் விழும் (தேனீயும் வரும், உஷார்!). அப்புறம் ககாரிகோ கிராமத்துப் பக்கத்து நூலகத்தில் அலமாரியில் மோதி, மேலே இருக்கும் முடோரா புத்தகத்தைத் தள்ளுங்கள். பாலைவன அரண்மனைக்குள் போக அது கட்டாயம் வேண்டும்.